108-ல் இ.எம்.டி.யாகச் சேரப் போகிறீர்களா? மதுரைப் பக்கம் வண்டி ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி. (வண்டியிலேயே முதலுதவி செய்யும் அவசர மருத்துவ உதவியாளர்) வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், போகலாமா வேண்டாமா என்று நர்சிங் முடித்த பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போங்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் பலர் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள், அவர்களை விரட்டியது ரத்தம் இல்லை. கட்டுப் போடுவது, ஊசி போடுவது, நெஞ்சை அமுக்குவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதையெல்லாம் செய்வதற்கு ஓர் இடத்தையும் இரண்டு நிமிட அமைதியையும் வாங்குவதுதான் களத்தில் பாதி வேலை. கூட்டத்தை விலக்க வேண்டும், சொந்தக்காரர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும், வழியைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் சரியாக ஒப்படைக்க வேண்டும். பேசத் தெரியாதவர் கையில் எவ்வளவு திறமை இருந்தாலும் நோயாளிக்குப் போய்ச் சேராது.

தகுதி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற நர்சிங் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் படிப்பு, இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் மாதிரி உயிரியல் சார்ந்த பட்டம், இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் வழக்கமாக எடுக்கிறார்கள். வயது வரம்பை அந்தந்த முறை வரும் அறிவிப்பில் பாருங்கள். ஓட்டுநர் வேலைக்கு (நாங்கள் பைலட் என்போம்) லைசென்சோடு பேட்ஜும் வேண்டும். இடையில் யாராவது வேலை வாங்கித் தருகிறேன், பணம் கொடு என்றால் கொடுக்காதீர்கள். இன்னொன்று, தமிழ்நாட்டில் 2008-ல் இருந்து ஓடும் இந்தச் சேவை அரசுடையது என்றாலும் அதை நடத்துவது ஒரு நிறுவனம், அதனால் நீங்கள் அரசு ஊழியர் ஆகிவிட மாட்டீர்கள். இதை வீட்டில் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஷிஃப்ட் 12 மணி நேரம். வண்டியில் நீங்களும் பைலட்டும் இரண்டே பேர். ஷிஃப்ட் மாறும்போது முந்தைய ஆள் "எல்லாம் ஓகே" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு உட்காராதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து கேஜ் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், சிலிண்டர் சாவி அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், சக்‌ஷன் மெஷினை (தொண்டையில் அடைக்கும் சளியை உறிஞ்சி எடுப்பது) போட்டுக் குழாய் முனையில் விரலை வைத்து இழுக்கிறதா என்று பாருங்கள், குளுக்கோமீட்டர் ஸ்டிரிப்பின் தேதி, டெலிவரி கிட், ஸ்டிரெச்சர் லாக், எல்லாவற்றையும் ஒருமுறை கையால் தொட்டுவிடுங்கள். ராத்திரி 2 மணிக்கு மேலூர் நான்குவழிச் சாலையில் டார்ச் வெளிச்சத்தில் சாவியைத் தேடுவது பெரிய கொடுமை. இதற்கு அதிக நேரம் ஆகாது, பைலட் டயரையும் டீசலையும் பார்ப்பதற்குள் நீங்கள் முடித்துவிடலாம்.

அழைப்பு முதலில் சென்னை கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், அங்கிருந்து உங்களுக்கு வரும். வண்டி நகர்ந்தவுடனேயே கூப்பிட்டவருக்கு நீங்களே போன் போட்டுவிடுங்கள். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் "இங்கதாண்ணே, டீக்கடை பக்கத்துல" என்றுதான் பதில் வரும், அவர்களைக் குறை சொல்ல முடியாது, பதறிப்போய் இருப்பார்கள். அதனால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், பக்கத்தில் என்ன கோவில், ரேஷன் கடையா பள்ளிக்கூடமா, இப்படிக் கேளுங்கள். கடைசியாக, "ஒரு தம்பியை மெயின் ரோட்டுக்கு அனுப்பி செல்போன் லைட்டைப் போட்டுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். பேரையூர், எழுமலைப் பக்கத்துக் கிராமங்களில் கூகுள் மேப்பை விட அந்தத் தம்பிதான் நம்பகமானவர். போனை வைப்பதற்கு முன்னால் நோயாளி பேசுகிறாரா, மூச்சு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். மூச்சு இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்தச் சொல்லி, நீங்கள் போகும்வரை போனிலேயே எண்ணிக் கொடுங்கள்.

இடத்துக்குப் போய் இறங்கியதும் முதலில் காயத்தைப் பார்க்கத் தோன்றும், ஆனால் முதலில் ஆட்களைப் பாருங்கள். யார் கத்துகிறார், யார் குடித்திருக்கிறார், யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று பாருங்கள். எந்தத் தெருவிலும் ஒரு பெரியவர் இருப்பார், அவரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "ஐயா, கொஞ்சம் எல்லாரையும் நகரச் சொல்லுங்கய்யா, காத்து வரட்டும்" என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நகராத கூட்டம் அவர் சொன்னால் நகரும். "ஏன்டா இவ்வளவு லேட்டு" என்று உங்கள் சட்டையைப் பிடிக்க வருகிறவரிடம் காரணம் சொல்லி நிற்காதீர்கள், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது ஆதாரையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பயத்தில்தான் அவர் கத்துகிறார், கையில் வேலை வந்துவிட்டால் அந்தப் பயம் இறங்கும்.

அதற்காக அடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. குடிபோதைக் கும்பல், இரண்டு தரப்புத் தகராறு என்று தெரிந்தால் போலீஸ் வரும்வரை வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. பைலட் எப்போதும் வண்டியை வெளியேறும் திசையில் திருப்பி நிறுத்தியிருக்க வேண்டும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. யாராவது கை வைத்தால், அன்றைக்குக் களைப்பாக இருந்தாலும் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ராசியாகப் போய்விடுங்கள் என்று நான்கு பேர் வருவார்கள். போகாதீர்கள், அடுத்த ஷிஃப்டில் வரும் பெண் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு எப்படி வைத்தியமாகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்குக் காலில் கண்ணாடிவிரியன் கடி. பாதம் வீங்க ஆரம்பித்துவிட்டது, விரலில் மெட்டி இறுகிக்கொண்டு வருகிறது. கொலுசையும் மெட்டியையும் உடனே கழற்ற வேண்டும், இல்லையென்றால் வீக்கம் ஏற ஏற விரலுக்கு ரத்தம் போகாது. அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டு, கட்டுன புருசன் உசுரோட இருக்கையில மெட்டியைக் கழட்டுவனா என்று அழுகிறார். விளக்கம் சொன்னால் எடுபடவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மாமியாரிடம், "அப்பத்தா, நீங்க கழட்டி உங்க முந்தானையில முடிஞ்சு வச்சுக்கங்க, வீக்கம் வத்தின பிறகு நீங்களே போட்டு விடுங்க" என்றேன். அப்பத்தா கொஞ்சம் எச்சிலைத் தொட்டுத் தடவித் திருகிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

பாம்புக்கடியில் மற்றவை நீங்கள் படித்ததுதான். வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, நடக்க விடக் கூடாது, கடிபட்ட கைகாலைச் சிம்பு வைத்து அசையாமல் வைக்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால் அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள், விஷமுறிவு மருந்து தயாராக இருக்கும் இடத்தில் டாக்டர் முன்னால் அவிழ்ப்பதுதான் பாதுகாப்பு. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்கிறார், இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியன் என்று சந்தேகப்படுங்கள். மந்திரித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லும் குடும்பத்தோடு சண்டை போடாதீர்கள். "ஊசி போட்டுட்டு வந்து மந்திரிச்சுக்கலாம், சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடுவார்கள்.

பூச்சிமருந்து குடித்தவர் என்றால் கையுறை போடாமல் தொடாதீர்கள், நனைந்த துணியை அகற்றிவிட்டு உடம்பைக் கழுவுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மருந்து டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஏன் குடித்தாய் என்று மட்டும் யார் முன்னாலும் கேட்காதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் அவரிடம் குரலை உயர்த்தாமல் பேசும் ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம்.

பிரசவ கேஸில் புதியவர்கள் எல்லோரும் பதறுவது, வலி நெருங்கிவிட்ட பிறகும் பெரியாஸ்பத்திரிக்கு (மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை) போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வண்டியை விரட்டச் சொல்வதில்தான். செக்கானூரணி தாண்டும்போது தலை தெரிந்துவிட்டால் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள், ஓடும் வண்டியில் பிள்ளையைப் பிடிக்க முடியாது. ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். பிள்ளை வந்ததும் நன்றாகத் துடைத்து, அழவில்லையென்றால் முதுகைத் தேய்த்து, தாயின் வெறும் மார்பில் போட்டு இருவரையும் சேர்த்துப் போர்த்தி, தலைக்கும் துணி சுற்றுங்கள். தொப்புள்கொடியை இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் வெட்டுங்கள், நஞ்சுக்கொடியை இழுக்காதீர்கள். கட்டுப்பாட்டு அறை டாக்டரை லைனில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரில் போட்டால் அந்தப் பெண்ணுக்கும் தைரியம் வரும்.

தை மாதமும் சித்திரையும் மதுரைக்காரர்களுக்குத் தனி. தைப் பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டுக்கு வண்டி நிற்கும். வாடிவாசலையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மாடுகளைப் பிடித்துச் சேகரிக்கும் பக்கத்தில்தான் வேடிக்கை பார்ப்பவர்கள் நிறையக் குத்துப்படுகிறார்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், கூட்டத்தில் யாராவது கட்டாயம் சோடா வாங்கிக்கொண்டு வருவார்கள். சித்திரையில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் அன்று, ஆற்றைக் கடக்கும் ஏ.வி. பாலத்துப் பக்கமே வண்டி போகாது. பெரியாஸ்பத்திரி வடகரையில், நீங்கள் தென்கரையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? குருவிக்காரன் சாலைப் பாலமா, ஆரப்பாளையம் பக்கமா, எந்தப் பாலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று முந்தின நாளே பைலட்டோடு போய் டிராஃபிக் போலீஸிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் வழிவிடாமல் போகிறவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது, ஆனால் கோரிப்பாளையம் சிக்னலில் முன்னால் நிற்கும் ஆட்டோக்காரருக்கு ஒதுங்கவே இடம் இருக்காது. ஹாரனை அடித்துக்கொண்டே இருக்காமல் மைக்கில் "அண்ணே, இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க" என்று திசையைச் சொல்லி வழி கேட்டால் ஒதுங்குகிறார்கள்.

விபத்து நடந்த இடத்தில் நின்று உதவியவர்களை அனுப்பும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: உதவியதற்காக அவர்கள் மேல் வழக்கு வராது, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. காசுக்குப் பயப்படும் குடும்பத்திடம் இன்னுயிர் காப்போம் திட்டத்தைச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் அரசு ஏற்கிறது. இது தெரியாமல், காசு புரட்டிக்கொண்டு வருகிறேன் என்று நோயாளியை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது கதை சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, போனபோது நினைவு, மூச்சு, பி.பி. எப்படி இருந்தது, நீங்கள் என்ன கொடுத்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறார், நான்கே வாக்கியம். டாக்டர் வேறு நோயாளியிடம் இருந்தால் நர்ஸ் சிஸ்டரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். டிராலி கிடைக்காமல் உங்கள் ஸ்டிரெச்சரிலேயே நோயாளி காத்திருப்பதும் நடக்கும், அந்த நேரத்தில் அடுத்த கேஸுக்கு அழைப்பு வரும், யார் மேலாவது எரிந்துவிழத் தோன்றும். டிராலி தள்ளும் அண்ணன்களின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இதற்கு என்னிடம் மருந்து இல்லை. வழியில் மூச்சு நின்றவரைப் பற்றி மனைவி கேட்டால், பொய்யும் சொல்லாதீர்கள், முடிவையும் சொல்லாதீர்கள். "மூச்சு இல்லம்மா, நாங்க விடாம பண்ணிக்கிட்டு இருக்கோம், டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்" என்று சொல்லலாம், அது உண்மை.

கடைசியாக உங்கள் உடம்பு. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையையும் சேருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் பிழியாமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, அந்த ஆஸ்பத்திரியிலேயே உடனே சொல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே என்றால் இன்னும் நல்லது. தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்குங்கள், மாடிப்படியில் ஒருவராகத் தூக்கவே தூக்காதீர்கள், தெருவில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், வருவார்கள். தூங்கா நகரத்தில் ராத்திரியில் இட்லி கிடைக்காத பிரச்சினை இல்லை, கிடைத்தும் ஆறிப்போகும் பிரச்சினைதான், அதனால் கையில் வாழைப்பழமும் தண்ணீரும் வைத்திருங்கள். 12 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன, அது நியாயமான கோரிக்கை, சேர்ந்த பிறகு நீங்களும் கேளுங்கள். சின்னப் பிள்ளை கேஸ் ஒன்று கை நழுவிப்போன இரவில் நேராக வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள், தூக்கம் வராது. பைலட்டும் அதே வண்டியில்தான் இருந்தார், டீக்கடையில் நிறுத்தி அவரோடு பேசுங்கள், அவரையும் பேச விடுங்கள். நாள்கணக்கில் அதே முகம் கண்ணுக்குள் நின்றால், சாப்பாடு இறங்காவிட்டால், அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது, அங்கே போய்ச் சீட்டு எழுதுங்கள்.