‘தருயஉ’ என்றால் என்ன வருடம்? கல்லறையையும் பதிவேட்டையும் வைத்து முன்னோரைத் தேடும் வழி

என் அப்பாவின் தாத்தாவை அவருடைய தாய்மாமன் வீட்டில்தான் வளர்த்தார்களாம். “அவரைப் பெத்தவங்க பஞ்சத்துல போயிட்டாங்க” என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்தப் பஞ்சம், எந்த வருடம், பெற்றவளின் பெயர் என்ன என்று கேட்டால் பதில் இருக்காது. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதைக் கண்டுபிடிக்கலாம் என்று இறங்கினேன். எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. நான் போன வழியைத் தெரிந்துகொண்டு போனால் உங்களுக்குப் பாதிக் காலம் போதும்.

கடைசியாக இறந்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போங்கள். நேரே நூறு வருடத்துக்கு முன்னால் தாவினால் வேறு யாருடைய குடும்பத்துக்குள்ளாவது போய் நிற்போம். முதலில் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறப்பும் இறப்பும் எழுதியிருக்கும். வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் காகிதம், பாகப்பத்திரம் எல்லாவற்றிலும் ஒரு தேதி ஒளிந்திருக்கும். திதி கொடுக்கிற குடும்பமாக இருந்தால் மாதமும் பட்சமும் கையிலேயே இருக்கும், வருடம்தான் தெரியாது. வருடப் பெயரையும் யாராவது நினைவு வைத்திருந்தால் நல்லது. ஆனால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ‘தாது’ என்றால் 1876, 1936, 1996 மூன்றுமே தாதுதான்.

அடுத்தது சர்க்கார் பதிவு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லி, கட்டணம் கட்டி, நகல் வாங்கலாம். ஒரு அலுவலகத்தில் “உங்களுக்கு இது எதுக்கும்மா?” என்று என்னை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனுவாக எழுதிக் கொடுத்தேன், பதிவேட்டை எடுத்தார்கள். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அண்மைக் காலத்துப் பதிவுகள். பழையவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். கிராமத்துப் பழைய பதிவேடுகள் தாலுகா அலுவலகத்தில் இருக்கின்றனவா, சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கின்றனவா என்பதை முதலில் விஏஓவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1980 வரை இந்தக் கணக்குகளை ஊரில் பார்த்தவர்கள் பரம்பரைக் கிராம முன்சீபும் கணக்குப்பிள்ளையான கர்ணமும்தான். அந்த வீட்டார் இன்னும் ஊரில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை அதே இடத்தில் அலைய வேண்டாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். அந்த நகலில் சாவுக்கான காரணம் இருக்காது. அதை வெளியே தரக்கூடாது என்று அதே 17ஆம் பிரிவு சொல்கிறது. காரணம் தெரிய வேண்டுமென்றால் கோவில் (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம்) பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கல்லறைத் தோட்டத்துக்கு.

எங்கள் ஊர் ராதாபுரத்துக்குக் கிழக்கே, தேரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே கல்லறைக் கற்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மணலுக்குள் இறங்கிவிடும். முதல் தடவை நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று போங்கள். எல்லாக் குடும்பமும் பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்திருக்கும். எது யார் கல்லறை என்று வயசாளிகளிடம் கேட்டு எழுதிக்கொள்ள அதைவிட நல்ல நாள் கிடையாது. படிப்பதற்கு வேறொரு நாள், வெயில் சாயும் நேரத்தில் போங்கள். பக்கவாட்டில் விழுகிற வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்து எழும்பித் தெரியும். இல்லாவிட்டால் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். ஆசிட், கம்பி பிரஷ் இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். இருக்கிற எழுத்தும் போய்விடும்.

எங்கள் ஓட்டனுடையது, அதாவது அப்பாவின் தாத்தாவைப் பெற்றவருடையது, என்று பெரியப்பா காட்டிய கல்லை நானும் என் தம்பி மகனும் மணல் தள்ளிப் பார்த்தோம். அவன் குனிந்து பார்த்துவிட்டு, “அத்தை, இதுல தேதியே இல்ல. தருயஉன்னு என்னமோ பேர் வெட்டிருக்கு” என்றான். கல்லில் இருந்தது இதுதான்:

௲௫௰௨௵ மார்கழி௴ ௰௳

தமிழ் எண் தெரியாதவர்களுக்கு ௲ தகரம் போல இருக்கும், ௫ ‘ரு’ போல, ௰ யகரம் போல, ௨ உகரம் போல. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. முன்னால் வரும் எண்ணால் பெருக்க வேண்டும். ஆக ௲௫௰௨ என்றால் ஆயிரத்து ஐம்பத்திரண்டு. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். 1052ஆம் வருடம் மார்கழி 10.

கி.பி. 1052இல் எங்கள் ஊரில் ஏது கிறிஸ்தவக் கல்லறை? இது கொல்லம் ஆண்டு, மலையாளத்தாரின் வருடக் கணக்கு. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் பழைய கல்லிலும் ஓலையிலும் பத்திரத்திலும் இதுதான் வரும். இந்தக் கணக்கில் நம் பக்கம் ஆவணியில் வருடம் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி பிறந்துவிட்டால் 825. எங்கள் கல்லுக்கு 1052 + 824 = 1876, டிசம்பர் நாலாவது வாரம். அது தாது வருடம். பஞ்சத்தில் போனார் என்று வீட்டில் சொல்லி வந்தது தாது வருடப் பஞ்சத்தைத்தான்! அந்த மணலில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தேதி கையில் இருந்தால் சேகர அலுவலகத்தில் (பல ஊர்ச் சபைகளைச் சேர்த்துக் கவனிக்கிற சர்ச் அலுவலகம்) வேலை சுலபம். “பழைய ரிஜிஸ்டர் பார்க்கணும்” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். “1876 டிசம்பர் அடக்கப் பதிவேடு” என்று கேளுங்கள். குருவானவருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஞாயிறு தவிர்த்து, கை கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். தாள் அப்பளம் போல உடையும். கத்தோலிக்கப் பங்குகளிலும் இறப்புப் பதிவேடு இருக்கும், அது திருச்சபைச் சட்டம். பழையவை லத்தீனில் இருந்தால் ‘ஃபீலியுஸ்’ மகன், ‘ஃபீலியா’ மகள், ‘உக்ஸோர்’ மனைவி, ‘விதுவா’ விதவை என்று நாலு சொல் தெரிந்தால் போதும், தட்டுத் தடுமாறிப் படித்துவிடலாம். முன்னோர் உபதேசியாராக, அதாவது ஊர்ச் சபையில் வேதம் போதிப்பவராக, இருந்திருந்தால் மிஷனரிகளின் கடிதங்களிலும் பெயர் வரக்கூடும். சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

பதிவேட்டில் வயதை அப்படியே நம்பாதீர்கள். முப்பது, நாற்பது என்று முழு எண்ணாக வந்தால் யாரோ உத்தேசமாகச் சொன்னது. கல்லில் இறந்த நாளும் பதிவேட்டில் அடக்கம் செய்த நாளும் இருப்பதால் ஒரு நாள் முன்பின் வரும், அது முரண் ஆகாது. பெரிய ஆபத்து பெயரில்தான் இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், பேரன் என்ற சொல்லே பெயரன்தான். ஒரே பெயரில் ஒரே தோட்டத்தில் நாலு பேர் கிடப்பார்கள். எங்கள் ஓட்டனின் சித்தப்பா மகனுக்கும் அதே பெயர். இது தெரியாமல் நான் ஒரு வருடம் அவருடைய வழியைத் தொடர்ந்து வம்சாவளி எழுதி, ஒரு கல்யாண வீட்டில் எல்லாருக்கும் நகல் கொடுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினேன். பெயரோடு தகப்பன் பெயர், தொழில், தெரு இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ‘இவர்தான்’ என்று எழுதாதீர்கள்.

தேடிய வரி கிடைத்ததும் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு மாதம் படியுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் கல் வைத்ததில்லை. அவர்கள் இருந்ததற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. எங்கள் ஓட்டன் 1876 டிசம்பர் 24 அன்று அடக்கம், காரணம் வாந்திபேதி. நான் அதை எழுதிக்கொண்டு எழுந்துவிட்டேன். தம்பி மகன்தான் பக்கத்தைத் திருப்பினான். ஜனவரியில், பதினொரு வரி தள்ளி, “மேற்படியார் பெண்சாதி, வயது 30, வாந்திபேதி.” முன்னால் அவளுடைய பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டிராத பெயர்.

நகலில் குருவானவரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கினேன். அப்பாவின் வேதாகமத்து முதல் பக்கத்தில், பூட்டன் பெயருக்கு மேலே, அவர்கள் இருவர் பெயரையும் எழுதினேன். எந்தப் பதிவேடு, எந்த வருடம், எத்தனாவது பக்கம் என்பதையும் பக்கத்திலேயே குறித்தேன். அதைக் குறிக்காமல் விட்டால் நாளைக்குத் தேடுகிற பிள்ளைகள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.