ஆப்பிரிக்கக் கிராமப் பண்ணைக்குத் தொண்டு செய்யச் செல்வோர் கவனத்துக்கு

கடல் கடந்து போவது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் கட்டிய வீடுகளுக்கு நடுவே வளர்ந்த இளைஞர்கள் சிலர், ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஊரார் சேர்ந்து நடத்தும் அறப்பண்ணைகளில் சில மாதம் உழைத்துவர விரும்பி என்னிடம் வழி கேட்கிறார்கள். மேற்குக் கென்யாவில் அத்தகைய பண்ணையொன்றில் மூன்று மாதம் இருந்து வந்தவன் என்ற முறையில், அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அமைப்பைத் தேர்ந்தெடுப்பது. நம் பெரியவர்கள் ஐந்தொகையைப் பார்க்காமல் எந்தக் கடையோடும் கூட்டுச் சேர்ந்ததில்லை; நீங்களும் ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கட்டும் பணத்தில் உங்கள் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் எவ்வளவு, பண்ணைக்கு எவ்வளவு, இடைத்தரகருக்கு எவ்வளவு என்பது தெளிவாக இருக்க வேண்டும். எதைப் பயிரிடுவது என்று முடிவெடுப்பவர்கள் அவ்வூர்க்காரர்களா, உங்களுக்குத் தரப்போகும் வேலை அங்குள்ள கூலியாள் ஒருவரின் பிழைப்பைப் பறிக்குமா என்றும் கேளுங்கள். வந்துபோகும் வெளியாட்களை அனாதைக் குழந்தைகளோடு பழகவிடும் அமைப்பானால் ஒதுங்கிவிடுங்கள். மாதத்துக்கு ஒருவர் வந்து பாசம் காட்டிவிட்டு மறைவது அக்குழந்தைகளுக்குக் கேடு.

காலத்தை மழைதான் தீர்மானிக்கிறது. கென்யாவின் பெரும்பகுதியில் நீண்ட மழை மார்ச் முதல் மே வரையும், குறுமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் பெய்யும். மலாவியிலும் சாம்பியாவிலும் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஒரே மழைக்காலம்தான். விதைப்பும் களையெடுப்பும் கற்க விரும்புவோர் மழை தொடங்கும்போதும், வாய்க்கால் வெட்டவும் வரப்புக் கட்டவும் விரும்புவோர் அதற்கு முந்தைய வறண்ட மாதங்களிலும் போவது நல்லது.

விசா விஷயத்தில் அலட்சியம் கூடாது. சம்பளம் இல்லாவிட்டாலும் தொண்டு வேலையைச் சுற்றுலா விசாவில் செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. தான்சானியாவில் தொண்டர்கள் சி வகை வசிப்புரிமம் பெற வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். மலேரியா தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே தொடங்குங்கள்.

பெட்டி கட்டும்போது ஆச்சிமார் பருப்புப் பொடியையும் வற்றலையும் பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தருவார்கள். கென்யா 2017-லும் தான்சானியா 2019-லும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டதால் துணிப்பையும் டப்பாவும்தான் உகந்தவை. கீரை விதை, நெல் விதை எதையும் அனுமதிச் சான்றின்றிக் கொண்டுபோகாதீர்கள். விதையோடு நோயும் போய்விடும். கென்யாவில் மின்செருகி மூன்று செவ்வகக் கால்களுடையது.

வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்கு அந்த மண் அந்நியமாகத் தோன்றாது. நாம் கூழாக்கிக் குடிக்கும் கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். கென்யாவில் அதை 'விம்பி' என்கிறார்கள். நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேல் அங்கே பாரிங்கோ ஏரிப் பகுதியில் 'மதெங்கே' என்ற பெயரில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவருகிறது. வெட்டினால் துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும் என்பதை அவர்களும் பட்டே அறிந்திருக்கிறார்கள். 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்ட மக்காச்சோளப் படைப்புழு 2018-ல் இந்தியாவுக்கும் வந்தது. ஆகவே அங்கு கற்பது இங்கும் பயன்படும். குறிப்பாக, மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் செடியும் வயலைச் சுற்றி நேப்பியர் புல்லும் நடும் முறையை நேரில் பாருங்கள்: செடியின் வாடை தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியை விரட்டுகிறது, ஓரத்துப் புல் அதைத் தன்பால் இழுக்கிறது, டெஸ்மோடியத்தின் வேர், பயிரின் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களையையும் அடக்குகிறது. புல்லும் செடியும் மாட்டுக்குத் தீவனமாகின்றன.

வட்டிக்கடைக்குப் போன பையன் முதலில் பெட்டியடியில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய பிறகே அடுத்தாளாக, அதாவது மேலாளின் உதவியாளாக, உயர்ந்தான். நீங்களும் முதல் இரண்டு வாரம் யோசனை எதுவும் சொல்லாமல் 'ஜெம்பே' எனப்படும் மண்வெட்டியைப் பிடித்து, காட்டும் இடத்தில் கொத்துங்கள். நான் முதல் வாரத்திலேயே வாய்க்காலைத் திருப்பிவிடச் சொல்லி, அடுத்த மழையில் ஒரு பாத்தி நாற்று முழுவதையும் அடித்துப்போக விட்டேன். அந்தச் சரிவை அவர்கள் ஏன் அப்படியே விட்டிருந்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நாம் ஆச்சி, ஐயா என்று அழைப்பதுபோல அங்கே மூத்த பெண்ணை 'மாமா' என்றும் மூத்த ஆணை 'ம்ஸே' என்றும் அழைக்க வேண்டும். பெண்ணை மாமா என்பது நம் நாவுக்கு நான்கு நாள் கூசும், பிறகு பழகிவிடும்.

ஊர் திரும்பியதும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திராமல், அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.