பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லித்தரப் போகிறீர்களா?

அலுவலகத் தன்னார்வக் குழுவோடு பள்ளிக்குப் போகும்போது 40 ஸ்லைடுகள் வேண்டாம், ஒரே ஒரு படம் போதும். சீருடையில் ஒரு சிறுமி வீட்டு வாசலில் சைக்கிளோடு நிற்கிறாள் (வரைந்த படமாக இருக்கட்டும், நிஜப் பிள்ளையின் போட்டோ கூடாது). "முன்பின் தெரியாதவர் இதிலிருந்து என்னவெல்லாம் கண்டுபிடிக்கலாம்?" என்று கேளுங்கள். சட்டையில் பள்ளிச் சின்னம், கதவு எண், பின்னால் தெருப் பலகை என்று அவர்களே அடுக்குவார்கள். அப்புறம் கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைக்கக் காட்டுங்கள். எடுத்த இடமும் போட்டோவுக்குள் பதிவாகலாம்.

கடைசிப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் இதற்கு ஒதுக்குங்கள். அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் தப்பு பிள்ளையுடையது அல்ல. பணம் கொடுக்க வேண்டாம், சாட் உரையாடலை அழிக்க வேண்டாம், நம்பிக்கையான பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் டிஜிட்டல் கைரேகை (படத்திலிருந்து உருவாக்கும் ஓர் அடையாளக் குறியீடு) மட்டும் போகும், அதை வைத்து இணைந்துள்ள தளங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

வகுப்பு ஆசிரியரும் கூடவே இருக்கட்டும். நீங்கள் கிளம்பிய பிறகு பிள்ளை தேடிப் போவது அவரைத்தான். பிள்ளைகளோடு எடுத்த குரூப் போட்டோவை நிறுவனப் பக்கத்தில் போடாதீர்கள்.