ஏரி வண்டல் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

ஏரியில் படிந்தது முழுக்க ஒரே மண் என்று நினைத்து, டிராக்டர் போக வசதியான இடத்தில் வயலுக்கு அள்ளுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் ஏரிக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரின் வேகம் சட்டென்று குறைகிறது. கனமான மணல் அங்கேயே விழுந்துவிடும். அதைவிடப் பொடியான வண்டல் கொஞ்சம் தள்ளிப் படியும். களி, தண்ணீரோடு கலந்தபடியே மதகுப் பக்கம் ஆழமான இடம்வரை வந்து மெல்ல இறங்கும். பெரிய அணைகளிலும் படிவு ஏறக்குறைய இப்படித்தான். (ஊரில் மூன்றையும் சேர்த்து வண்டல் என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பமே அங்கே தொடங்குகிறது.) மணற்பாங்கான வயலுக்கு வரத்துக்கால் முனை மண்ணை அடித்தால் வாடகை தண்டம்.

அள்ளும் முன் ஒரு பாட்டில் போதும். நேரான பக்கங்களுள்ள ஒரு லிட்டர் பாட்டிலில் கல், வேர் நீக்கிய மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். களி இறங்க ஒன்றிரண்டு நாள் ஆகும். மொத்தம் 8 செ.மீ. படிந்து, அதில் மணல் 5 செ.மீ. என்றால் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் பாருங்கள். ஈரக்களி உப்பி நிற்பதால் அதன் அளவு சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

மேலாக ஒரு கைப்பிடி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பதும் வீண். ஏழெட்டு இடங்களில், அள்ளப்போகும் ஆழம்வரை எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை மண் ஆய்வகத்தில் கொடுங்கள். கார அமிலத் தன்மை (pH) 8.5-ஐத் தாண்டினால் வயலுக்கு வேண்டாம். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் ஏரியில் உலோகப் பரிசோதனையும் தேவை. தோல் பதனிடும் பகுதிகளில் குரோமியம் இருக்கக்கூடும்.

நிறையப் போட்டால் நிறைய விளையும் என்பதும் தப்புக்கணக்கு. ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது மூன்று கன மீட்டர் பிடிக்கும் டிரெய்லரில் 25 நடை, பரப்பினால் 2 செ.மீ. கனம்கூட வராது, நஞ்சைக்கு அதுவே தாராளம். ஈரத்தோடு உழுதால் களிக்கட்டி செங்கல்லாக இறுகும். கோடையில் கொட்டி, காயவிட்டு, ஒரு மழையில் கட்டி உடைந்தபின் உழவேண்டும்.

ஏரிக்கும் கேடு வராமல் பார்க்கவேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் தானாக வாய்க்காலுக்கு ஏறாது. களிப்படலத்தைச் சுரண்டிச் சரளை தெரியும்வரை போனால் நீர் கீழே கசிந்துவிடும். கிணறுகளுக்கு நல்லதுதான், பாசனத்துக்கு இழப்பு. கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். அள்ளியதைக் கரையின் உட்சரிவில் குவித்து வைத்தால் அடுத்த மழையில் அது பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.