மாவில் கல் வந்தது, கிரைண்டரைத் திருப்பிக் கொடுத்தேன்: நான் போன வழி

திண்டுக்கல்லில் வீட்டு வாசலிலேயே இட்லி மாவு விற்கிறேன். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்து நாற்பது வீடு வாடிக்கை. 2024 பிப்ரவரியில் பழைய கிரைண்டரின் மோட்டார் போய்விட்டதால், 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்றை 17,500 ரூபாய்க்கு வாங்கினேன். புதுக்கல் என்பதால் உமியும் கல்லுப்பும் போட்டு மூன்று தடவை ஓட்டிக் கழுவிய பிறகுதான் அரிசியைப் போட்டேன். அப்படியும் நாலாம் நாள் பின்தெருப் பெண் ஒருத்தி பாத்திரத்தோடு வந்து நின்றாள். "அக்கா, இட்லி நறநறங்குது. பாப்பா வாயில வச்சதும் துப்பிட்டா."

ஒரு கரண்டி மாவை எவர்சில்வர் தட்டில் ஊற்றி, தண்ணீர் விட்டுக் கரைத்து, அரிசியில் கல் அரிக்கிற மாதிரி மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளையெல்லாம் போனபிறகு தட்டின் விளிம்போரம் கறுப்பாகப் பொடித்துகள் நின்றது, உடைத்த மிளகு மாதிரி. குழவியை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் கட்டைவிரல் பதியும் அளவுக்குக் குழி. கல் பொரிந்து பொரிந்து மாவில் விழுந்திருக்கிறது.

கடையில் சொன்னபோது, "புதுக்கல்லுன்னா அப்படித்தான்க்கா, பத்து நாள்ல சரியாயிடும்" என்றார்கள். பத்து நாள் கழித்துப் போனால், "அது கம்பெனி விஷயம், சர்வீஸ் சென்டர்ல பாருங்க." சர்வீஸ் ஆள் வந்து கல்லைக் கொத்திவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் திரும்பவும் நறநற. மறுபடி கடைக்குப் போனதும் பில்லின் அடியில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார் கல்லாவில் இருந்தவர்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

அந்த வரியைப் பார்த்து நம்மில் பலர் வீடு திரும்பிவிடுகிறோம். நானும் அன்றைக்குத் திரும்பினேன். பிறகுதான் தெரிந்தது, பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 (நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில்) இதை நேரடியாகவே சொல்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கடைக்காரர் இதைச் செய்தாக வேண்டும். பில் தர மறுப்பதும் இதே பட்டியலில்தான் வருகிறது.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள். சேலை நிறம் வீட்டில் பிடிக்கவில்லை, பீரோ அறைக்குள் நுழையவில்லை என்பதெல்லாம் பழுது ஆகாது. அதற்கு மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனசு. தரம், அளவு, தூய்மை, சொன்ன தன்மை இவற்றில் குறை இருந்தால்தான் பழுது.

இனி, என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

பழுது தெரிந்த அன்றைக்கே அந்தப் பொருளை ஓட்டுவதை நிறுத்துங்கள். படமும் வீடியோவும் எடுங்கள். தட்டில் மாவைக் கரைத்ததை என் மகன் முழுதாக வீடியோ எடுத்தான். அந்தத் துகளை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வைத்தேன். பின்னால் நான் பேசிய பேச்சையெல்லாம்விட அந்தப் பாட்டில்தான் அதிகம் பேசியது. பில்லை உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். இப்போது தருகிற வழவழத்தாள் பில் ஆறே மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாரன்டி கார்டில் கடை சீலும் தேதியும் வாங்கும்போதே போட்டு வாங்குங்கள். "பில் வேணாம்னா விலை குறைச்சுத் தர்றேன்" என்ற கடையிலிருந்து பில் இல்லாமல் எஸ்டிமேட் சீட்டோடு வந்தவர்களும் மனம் தளர வேண்டாம். ஜிபே கணக்கில் பணம் போன பதிவும் ஆதாரம்தான்.

சர்வீஸ் ஆள் வந்தால் என்ன பழுது, என்ன செய்தார் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்காமல் விடாதீர்கள். என் முதல் தடவை கார்டில் "செக் செய்யப்பட்டது, ஓகே" என்று மட்டும் இருந்தது. இரண்டாம் தடவை நான் பக்கத்திலேயே நின்று "குழவியில் கல் உதிர்கிறது" என்று எழுத வைத்தேன்.

கம்பெனியைப் போய்ப் பார் என்று கடைக்காரர் கைகாட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணத்தை வாங்கியது அவர். கடை, கம்பெனி இருவரையுமே நாம் கேட்கலாம். வாயால் கேட்பதை அங்கேயே நிறுத்திவிட்டு, கடிதம் எழுதுங்கள். நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"ஐயா, தங்கள் கடையில் 11.02.2024 அன்று பில் எண் … மூலம் 17,500 ரூபாய்க்கு கிரைண்டர் வாங்கினேன். 15.02.2024 முதல் குழவியிலிருந்து கல் உதிர்ந்து மாவில் கலக்கிறது. இரண்டு முறை சர்வீஸ் செய்தும் பழுது நீங்கவில்லை. ஜாப் கார்டு நகல்களும் படங்களும் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் கிரைண்டரை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்."

இவ்வளவு போதும். கோபம், சாபம், "ஏழை வயித்துல அடிச்சிட்டீங்க" எதுவும் வேண்டாம். தேதியும் தொகையும் இருந்தால் கடிதத்துக்குத் தானாக எடை வந்துவிடும். கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து ஒரு எண் தருவார்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் பெரிய கம்பெனிகள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. எனக்கு வந்த பதில், "குழவியை மட்டும் மாற்றித் தருகிறோம்." இரண்டு தடவை மாவைக் கொட்டியவள் நான். மறுத்துவிட்டேன்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கன்சூமர் கோர்ட் என்றதும் பயம் வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கடை வெளியூரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் வரை நேரம் உண்டு. இப்போது நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி (e-Jagriti) இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். மனுவில் கதையைத் தேதி வாரியாக எழுதி, எழுதியது உண்மை என்று உறுதி சொல்லும் பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) ஒன்றைச் சேர்த்து, பில், ஜாப் கார்டு, கடிதம், தபால் ரசீது எல்லாவற்றுக்கும் வரிசை எண் போடுங்கள். கடை, கம்பெனி இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். இழப்பீடு கேட்கும்போது கணக்கோடு கேளுங்கள். கொட்டிய மாவுக்கு அரிசி, உளுந்து விலை, கடைக்குக் கொண்டுபோன ஆட்டோ வாடகை என்று நான் தனித்தனியாக எழுதினேன்.

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை வந்தது. "இந்தம்மா மாவு வியாபாரம் பண்றாங்க, நுகர்வோரே இல்லை" என்றது எதிர்தரப்பு. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காமார்களும் ஆட்டோ ஓட்டும் தம்பிகளும் இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மனுவின் இரண்டாம் பத்தியிலேயே "என் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கினேன், வேலையாள் யாரும் கிடையாது" என்று எழுதியிருந்தேன்.

சோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்துக்குள்ளும், தேவைப்படுவதை 5 மாதத்துக்குள்ளும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. வாய்தா தள்ளிப்போவதும் உண்டு, பொறுமை வேண்டும். என் வழக்கில் துகளையும் கல்லையும் சோதனைக்கு அனுப்பக் கேட்டு மனு போட்டேன். அடுத்த வாய்தாவுக்குள் கடைக்காரர் சமரசத்துக்கு வந்தார். முழுப் பணம், மேற்கொண்டு 3,000 ரூபாய். வாயால் சொன்னதை ஏற்காமல், ஆணையத்தின் முன் எழுதிப் பதிவு செய்த பிறகே ஒப்புக்கொண்டேன்.

பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்தபிறகுதான் கிரைண்டரை டெம்போவில் ஏற்ற விட்டேன். ஏற்றுவதற்கு முன் கடைப் பையனிடம், மெஷினின் சீரியல் எண், குழவி, மூடி, ஒயர் எல்லாம் குறித்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். அந்தத் தாள் இன்னும் அரிசி டப்பா மேலே இருக்கிற ஃபைலில் இருக்கிறது.