டயர் காற்றழுத்த சென்சார்: காரில் நீங்களே பொருத்துவது எப்படி?

டயரில் காற்று குறைந்திருப்பதை வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். ரேடியல் டயரின் பக்கச் சுவர் இயல்பாகவே கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கவேண்டிய டயர் 25-க்கு இறங்கியிருந்தாலும், பக்கத்து டயரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. காலால் உதைத்துப் பார்த்தாலும் அதே கதைதான். ஆனால் நீண்ட சாலையில் வேகமாகப் போகும்போது அந்தக் குறைவு டயரைப் படுத்திவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு ஏறும். சூடு ஏறினால் ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியத் தொடங்கும். ‘ஓடிக்கொண்டிருந்த டயர் திடீரென்று வெடித்துவிட்டது’ என்று சொல்கிறோமே, அதில் பல, பல நாட்களாகக் காற்று குறைவாக ஓடிய டயர்கள்.

இதனால்தான் அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்களில் டயர் அழுத்த எச்சரிக்கை கட்டாயமானது. டிபிஎம்எஸ் என்று சொல்வது இதைத்தான். உங்கள் காரில் அது இல்லையென்றால் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தும் வேலை கால் மணி நேரம்தான். அதன் பிறகு செய்யவேண்டிய ஒரு சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை மட்டும் தவறவிடாதீர்கள் என்று சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

எந்த வகை?

தனியாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகிக்கொள்ளும் மூடி வகை. இன்னொன்று, டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பொருத்தும் வகை. உள்வகை மழைக்கும் தூசிக்கும் திருட்டுக்கும் பயப்படவேண்டியதில்லை, காற்றடிக்கும்போது கழற்றவும் வேண்டாம். ஆனால் பொருத்துவதற்கு டயர் கடைக்குப் போகவேண்டும், வீல் பேலன்சும் மறுபடி பார்க்கவேண்டும். பல மாடல்களில் பேட்டரியை மாற்ற முடியாது; தீர்ந்தால் சென்சாரையே மாற்றவேண்டும். முதல்முறை வாங்குபவருக்கு மூடி வகைதான் நல்லது என்பது என் கருத்து. கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

1. முதலில் வால்வைப் பாருங்கள்

சென்சார் வாங்கும் முன்பே செய்யவேண்டியது இது. உங்கள் டயரின் வால்வு ரப்பரா, உலோகமா? ரப்பர் என்றால் கட்டைவிரலால் மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து, ரிம்மைத் தொடும் அடிப்பகுதியைப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் வால்வை மாற்றிய பிறகுதான் சென்சார்.

ஏன் இவ்வளவு கறார்? மூடி சென்சார் சுமார் 10 கிராம் இருக்கும். கையில் வைத்தால் எடையே தெரியாது. ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுழலும்போது, அந்த 10 கிராம் ஏறக்குறைய ஒன்றரை கிலோவுக்கு மேல் எடையைத் தொங்கவிட்டதுபோல வால்வை வெளிப்பக்கமாக இழுக்கும். நல்ல, குட்டையான ரப்பர் வால்வு இதைத் தாங்கும். காய்ந்து வெடித்தது தாங்காது. நீளமான ரப்பர் வால்வாக இருந்தாலும், டயர் மாற்றும் சமயத்தில் உலோக வால்வாக மாற்றிக்கொள்வது நல்லது. வால்வில் நீட்டிப்புக் குழாய் மாட்டி அதன்மேல் சென்சார் வைப்பது வேண்டவே வேண்டாம்.

உலோக வால்வு அலுமினியமாகவும் சென்சாரின் உள்மரை பித்தளையாகவும் இருந்தால், ஈரம் பட்டுப் பட்டு இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப்போகும். ஆறு மாதம் கழித்துக் கழற்றப் பார்த்தால் வால்வே கையோடு வரும். மரையில் பெயருக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். வால்வின் வாய்க்குள் மட்டும் போகக்கூடாது.

2. உங்கள் காருக்கு எவ்வளவு காற்று?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். முன் டயர், பின் டயர், குறைந்த சுமை, முழுச் சுமை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்சம். அதைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள்.

ஸ்டிக்கரில் சொல்வது குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்கவேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் மெதுவாக ஓடியிருக்கவேண்டும். அந்த நிலையில் நான்கு டயரிலும் சரியாகக் காற்றடித்துவிட்டுத்தான் சென்சார் பக்கம் போகவேண்டும். காற்று சரியில்லாத டயரில் சென்சார் மாட்டி, முதல் நாளே அலாரம் கேட்டுக் குழம்பவேண்டாம்.

அளவு பாரில் இருந்தால்: 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, அல்லது 100 கிலோபாஸ்கல்.

3. பேட்டரி, திரை, பழக்கப்படுத்தல்

ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் ஒரு வட்டப் பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்1632 அல்லது சிஆர்1620. கூட்டல் குறி மேலே பார்க்கும்படி வைக்கவேண்டும். (வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்தப் பேட்டரிகளைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய விஷயம்.)

பெரும்பாலான செட்டுகளில் சென்சார்கள் ஏற்கெனவே திரையோடு (காருக்குள் வைத்து எண்களைப் பார்க்கும் சின்னக் கருவி) பழகித்தான் வரும். ஒவ்வொன்றின்மேலும் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்பதற்கான எழுத்துகள் இருக்கும். இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் வருவது. காருக்கு எதிரே நின்றுகொண்டு மாட்டினால் நிச்சயம் மாறிப்போகும். அலாரம் அடிக்கும்போது தப்பான டயரைப் போய்த் தடவிக்கொண்டிருப்பீர்கள்.

பழகாமல் வந்திருந்தால், திரையில் ‘கற்றுக்கொள்’ நிலைக்குப் போய் ஒரு டயரைத் தேர்ந்தெடுத்து, அந்த டயரில் சென்சாரைத் திருகவேண்டும். காற்று பட்டதும் சென்சார் விழித்துச் சிக்னல் அனுப்பும். திரை பீப் என்று ஒலிக்கும். மற்ற மூன்றையும் அப்போது தள்ளி வையுங்கள்.

திரையை எங்கே வைப்பது? சாலையைப் பார்க்கும் பார்வையை மறைக்காத இடத்தில். சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் திரை என்றால் கண்ணாடிக்கு அருகில் வைப்பார்கள். கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க நிறுத்தும்போது எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், அதன் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது.

4. மாட்டுதல்

பழைய மூடியைக் கழற்றுங்கள். செட்டோடு வந்த சின்ன நட்டை முதலில் வால்வில் திருகி, அடிவரை இறக்குங்கள். அப்புறம் சென்சாரைக் கையால் திருகுங்கள். வால்வுக்குள் இருக்கும் ‘பின்’ (சின்ன ஊசி) அழுந்தும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு நொடி காற்று வரும், பயப்படவேண்டாம். நிற்காமல் திருகினால் நின்றுவிடும். கைக்கு இறுக்கமாக வந்ததும் நிறுத்துங்கள். இடுக்கி போட்டு முறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் நசுங்கும். கடைசியாக நட்டை மேலே கொண்டுவந்து, கூடவே கொடுக்கும் குட்டி ஸ்பானரால் சென்சாரோடு அணைத்துவிடுங்கள். அது தானாகக் கழலாமல் பார்த்துக்கொள்ளும். கையால் திருகி எடுத்துப் போகவும் முடியாது.

5. சோப்புத் தண்ணீர்

நான் மேலே சொன்ன சோதனை இதுதான்.

சாதாரண மூடி வெறும் தூசி மூடிதான். காற்றை அடைத்து வைத்திருப்பது வால்வுக்குள் இருக்கும் பின். மூடி சென்சார் அப்படியில்லை. அழுத்தத்தை அளக்க அது பின்னை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அதாவது உங்கள் டயரின் வாய் திறந்தே இருக்கிறது. காற்றை நிறுத்தி வைத்திருப்பது சென்சாருக்குள் இருக்கும் அந்த மெல்லிய ரப்பர் வளையம் மட்டுமே. அது சரியாக உட்காராவிட்டால், காற்று குறைவதைச் சொல்ல வாங்கிய பொருளே காற்றை இறக்கும்.

எனக்கு இது நடந்தது. மாட்டிய மூன்றாம் நாள் காலை பின் வலது டயர் 33-லிருந்து 27-க்கு வந்திருந்தது. ஆணி ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். டயர் முழுக்கத் தேடினேன், ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலக்கி, பழைய பல்துலக்கியால் சென்சாரும் வால்வும் சேரும் இடத்தில் தடவினேன். முதலில் எதுவும் தெரியவில்லை. அரை நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது, நட்டின் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி எழுந்தது, மிளகளவு ஆனது, உடைந்தது, அதே இடத்தில் மறுபடி எழுந்தது. கழற்றிப் பார்த்தால் வளையம் ஒரு பக்கம் மடங்கி நசுங்கியிருந்தது. செட்டோடு வந்த மாற்று வளையத்தைப் போட்டு மாட்டியதும் நின்றுவிட்டது.

அதனால் நான்கு சென்சாருக்கும் இதைச் செய்யுங்கள். தடவியதும் நகர்ந்துவிடாமல், ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் முழுதாகப் பாருங்கள். சிறு கசிவு மெதுவாகத்தான் தன்னைக் காட்டும். சென்சார் மூடியின் தலைப்பாகத்தையும் விடாதீர்கள், பேட்டரி மாற்றத் திறக்கும் இடம் அது. காற்றடித்துவிட்டுத் திரும்ப மாட்டும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை உண்டு.

6. அலாரம் எந்த எண்ணில் அடிக்கவேண்டும்?

பெட்டியிலிருந்து வரும் அளவை அப்படியே விடாதீர்கள், அது உங்கள் காரை நினைத்து வைத்ததில்லை. அமெரிக்க விதிப்படி, ஸ்டிக்கர் அளவில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை வரவேண்டும். நான் 20 சதவீதத்திலேயே வைத்துக்கொள்வேன். 33 பிஎஸ்ஐ காருக்கு அது 26 அல்லது 27. மேல் எல்லை 42 அருகில். ஓடும்போது சூட்டில் 4, 5 பிஎஸ்ஐ ஏறுவது சகஜம், அதற்கெல்லாம் அலறக்கூடாது. முன்னும் பின்னும் வேறு அளவு என்றால் தனித்தனியாக வையுங்கள்.

வெப்ப அலாரமும் இருக்கும், பெரும்பாலும் 70 டிகிரி. மூடி சென்சார் டயருக்கு வெளியே காற்றில் இருப்பதால் அது காட்டும் வெப்பம் டயருக்குள் இருக்கும் வெப்பம் ஆகாது. அழுத்த எண்ணை நம்புங்கள்.

7. எண்களைப் படிப்பது

முதல் வாரம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் காரின் டயரில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். வெயில் படும் பக்கத்து டயர் நிழல் பக்கத்தைவிட ஒன்றிரண்டு கூடக் காட்டும். ஒரு மணி நேரம் ஓட்டிய பின் 33 போய் 37 ஆகியிருக்கும். அந்த நேரத்தில் ‘அதிகமாகிவிட்டதே’ என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் பட்டினி கிடக்கும். இறக்காதீர்கள்.

உண்மையில் பார்க்கவேண்டியது ஒப்பீடு. நான்கும் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன என்றால் அது வானிலை, வேகம், சுமை. மூன்று ஏறும்போது ஒன்று மட்டும் ஏறாமல் நிற்கிறதா? அந்த டயரில் ஏதோ இருக்கிறது. ஒருமுறை மற்ற மூன்றும் 36-ல் இருக்க, முன் இடது மட்டும் 33, 32, 31 என்று இறங்கி வந்தது. அலாரம் இன்னும் அடிக்கவில்லை. ஓரங்கட்டிப் பார்த்தபோது டயரின் பள்ளத்தில் ஒரு திருகாணி பளபளவென்று தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. காற்று இருக்கும்போதே ஸ்டெப்னியை மாற்றிக்கொள்ள முடிந்தது.

நிறுத்திய வண்டியில் சாவி போட்டதும் வரும் எண் பழையதாக இருக்கலாம். பேட்டரியை மிச்சப்படுத்தச் சென்சார்கள் அவ்வப்போதுதான் சிக்னல் அனுப்பும். சில நிமிடம் ஓட்டியபின் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தக் கேஜில் காட்டுவதற்கும் திரைக்கும் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் இன்னொரு கேஜில் பார்த்து யார் தப்பு என்று முடிவு செய்யுங்கள்.

ஓடும்போது அலாரம் அடித்து எண் மளமளவென்று இறங்கினால், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள். வேகம் தானாகக் குறையட்டும், பிறகு ஓரங்கட்டுங்கள்.

அப்புறம் நினைவில் வைக்கவேண்டியவை

டயர்களை முன்னுக்குப் பின் மாற்றிப் போடும்போது சென்சாரும் சக்கரத்தோடு போய்விடும். கழற்றி அதனதன் பழைய இடத்திலேயே மாட்டுங்கள், எழுத்துகள் மாறாது. வண்டியைச் சர்வீசுக்கு விடும்போது சென்சார் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் இடுக்கி போட்டுத் திருகினால் வால்வு போய்விடும். நான்கு பேட்டரியையும் ஒரே நாளில் மாற்றி, தேதியைக் குறித்து வையுங்கள்.

கழற்றிய நான்கு பழைய மூடிகளையும் அந்தக் குட்டி ஸ்பானரையும் ஒரு சின்னப் பையில் போட்டு டேஷ்போர்டு அறையில் வையுங்கள். வழியில் ஏதாவது ஒரு சென்சார் கசிந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பழைய மூடியை மாட்டினால் போதும், வால்வு பின் தானாக மூடிக்கொள்ளும். குறைந்த காற்றை அடித்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம்.