அம்மாவ யார் பாத்துக்கறதுன்னு முடிவு பண்ணப்போறீங்களா? கணக்க அப்பறமா போடுங்க

எங்க வேலூர் பக்கம் இப்போ நிறைய வீட்ல இதான் பேச்சு. அப்பா போய்ட்டாரு, அம்மா குடியாத்தம் பக்கத்துல ஊர்ல தனியா கீது, பெரியவன் பெங்களூர், சின்னவன் சென்னை, பொண்ணு ஆம்பூர்ல. மூணு பேரும் வாட்ஸப் குரூப்புல வேலைக்கு ஆள் வெச்சா எவ்ளோ, ஹோம்ல சேத்தா எவ்ளோ, மாசம் யார் எவ்ளோ போடறதுன்னு கணக்கு போட்டுகினு இருப்பாங்க, அந்த குரூப்புல அம்மா மட்டும் இருக்காது. கணக்கு கரெக்டா தான் வரும். முடிவு தான் தப்பா போய்டும்.

செண்டிமெண்ட் பாத்தா வேலைக்கு ஆகாது, பிராக்டிகலா யோசின்னு சொல்றவங்க நம்ம ஊர்ல நடந்தத கொஞ்சம் பாக்கணும். 1946ல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால மடங்கிப்போன கைக்கு ஆபரேஷன் பண்ணி மறுபடியும் வேலை செய்ய வெச்சவரு. நோய் தான் விரல தின்னுடுதுன்னு அப்போ எல்லாரும் நினைச்சாங்க. அவரு கூடவே இருந்து பாத்தாரு, நரம்பு செத்து வலி தெரியாம போறதால தான் சூடான பாத்திரத்த அப்படியே புடிக்கறாங்க, காயத்தோடவே வேலை செய்றாங்க, ராத்திரி எலி கடிச்சா கூட முழிக்கறதில்ல, விரல் அப்படி தான் போகுதுன்னு கண்டுபுடிச்சாரு. வலி தான் நம்மள காப்பாத்துது. மனசு வலிக்கறதும் அதுக்கு தான்னு நான் முழுசா நம்பறேன்.

அமெரிக்காவுல அன்டோனியோ டமாசியோன்னு ஒரு நரம்பியல் டாக்டர், எலியட்னு பேர் வெச்சி ஒரு பேஷண்ட பத்தி 1994ல எழுதியிருக்காரு. மூளை முன்பக்கத்துல கட்டி, எடுத்துட்டாங்க. அப்பறமும் புத்தி அப்படியே இருந்துது, ஐக்யூ டெஸ்ட்ல ஒரு குறையும் இல்ல, ஆனா எதுக்கும் சந்தோஷமோ துக்கமோ வரல. ஆபீஸ்ல பேப்பர எப்படி பிரிக்கறதுன்னே ஒரு மத்தியானம் முழுக்க யோசிப்பாராம். வேலையும் போச்சு, குடும்பமும் போச்சு. மனசு ஒண்ணும் சொல்லலன்னா வெறும் புத்திய வெச்சி முடிவு எடுக்க முடியல.

சரி, எப்படி செய்றதுன்னு வரேன். முதல்ல ஊருக்கு போங்க. போன்ல கேட்டா எல்லா அம்மாவும் ‘நான் நல்லா தான் கீறேன், நீ பொழப்ப பாரு’ன்னு தான் சொல்லும். பகல்ல வந்து பிரியாணி பார்சல குடுத்துட்டு சாயங்காலம் பஸ் ஏறினா ஒண்ணும் தெரியாது, ராத்திரி தங்கணும். எத்தன வாட்டி எழுந்துக்குது, கதவுக்கு தாப்பா போட்டுட்டு வந்து படுத்தப்பறம் மறுபடியும் போய் தள்ளி பாக்குதா, காலைல யாரு ‘இன்னா பெரிம்மா, டீ குடிச்சியா’ன்னு எட்டி பாக்கறாங்க, மாட்டுக்கு தவிடு கரைக்கும்போது யார்கிட்ட பேசினு இருக்குது, இதெல்லாம் பாருங்க. தொண்டை அடைக்கும், அடைக்கட்டும், உடனே செல்ல எடுத்து நோண்டாதீங்க, எத பாத்தப்போ அடைச்சிதுன்னு கவனிங்க. தாப்பாவ தள்ளி பாத்தப்போன்னா அதுக்கு ராத்திரி பயம், துணைக்கு படுக்க ஒரு ஆள் கெடைச்சா போதுமோ என்னவோ, பெங்களூர் பிளாட்ல கொண்டு வந்து வெச்சா எட்டி பாக்கற அந்த ஒரு ஆளும் இல்லாம போய்டும்.

அப்பறம் பேச்சு. எதிர்ல உக்காந்து ‘உனுக்கு இன்னா வேணும் சொல்லு’ன்னு கேட்டா ‘ஒண்ணும் வேணாம்பா’ தான் வரும். பக்கத்துல உக்காந்து கூட கீரை ஆயுங்க, கை வேலைல இருக்கும்போது வாய் தானா தெறக்கும். வைகாசி ஒண்ணாந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு நீ எங்க இருக்கணும்னு நினைக்கிறன்னு கேளுங்க, அந்த பதில்ல பாதி விஷயம் வந்துடும். நடுவுல ‘கவலப்படாத, நாங்க பாத்துக்கறோம்’னு சொல்லி அடைச்சிடாதீங்க. அழுதா அழட்டும், கைய புடிச்சிக்கோங்க.

மருமக மனசும் மனசு தான். அத கேக்காம பாசத்துல முடிவு பண்ணேன்னு சொல்றது ரொம்ப அநியாயம், வேலை முழுக்க அது தலைல தான் விழும்.

இன்னொண்ணு, அண்ணன் மேல கோவத்துல ‘நானே பாத்துக்கறேன் போ’ன்னு சொல்றது வீம்பு, அத மனசு சொல்லுச்சுன்னு நம்பிடாதீங்க. அன்னிக்கி முடிவே வேணாம். ரெண்டு நாள் தூங்கி எழுந்தப்பறமும் அதே தான் தோணுதான்னு பாருங்க.

இதுக்கப்பறம் பேப்பர் பேனா எடுங்க, பணம் கண்டிப்பா பேசணும், வெக்கப்படாம பேசுங்க, யாரால எவ்ளோ முடியும்னு அம்மா எதிர்லயே பேசுங்க. எந்த முடிவா இருந்தாலும் மொதல்ல ஒரு மாசம் செஞ்சி பாருங்க, அதுவரைக்கும் ஊர் வீட்ட வாடகைக்கு விடாதீங்க, மாட்ட விக்காதீங்க, சரிப்படலன்னா ஊருக்கே திரும்பி வரலாம்னு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லிடுங்க.